மாதச் சீட்டு

வண்ணார்பேட்டை பொன்னரசி காம்ப்ளெக்ஸில்
மாதம் ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதுக்குப்
பத்துப் படம் என்றார்கள்.
திங்கள் முதல் வியாழன் வரை.
புதுப்படம் என்றால் ஐந்தாம் நாளிலிருந்து.
ஒரு பெயர், ஒரு போன், ஒரு நாற்காலி.
கையெழுத்துக்கு மேலே இருக்கிற பொடி எழுத்தையெல்லாம்
அடுத்தவருக்கு வாசித்துக் காட்டுகிறவன் நான்.
பைக் லோனுக்குத் தவணை பிரிப்பது பிழைப்பு.
ஆனாலும் தொட்டேன்
'சம்மதம்' என்ற பச்சைப் பொத்தானை.

டிக்கெட் நூற்றித் தொண்ணூறு.
நாலாவது படத்தில்
கதாநாயகன் வருவதற்குள் முதல் திரும்பிவிடும்.
அதற்கப்புறம் எல்லாம் லாபம்.

மே மாதம் இரண்டு மணிக்கு
தச்சநல்லூரிலும் பேட்டையிலும் எவன் கதவைத் திறக்கிறான்?
பாக்கிக்காரன் வீட்டு நாய்கூட
நிழலை விட்டு எழுந்து குரைப்பதில்லை.
அந்த நேரத்துக்குக் குளிர்ந்த இருட்டு,
சாய்ந்தால் சாயும் நாற்காலி.
பாப்கார்ன் திட்டத்தில் சேராது, வாங்கினால்
லாபம் முழுக்க அந்த டப்பாவுக்குள் போய்விடும்.
பையில் நாலு முறுக்கு கொண்டுபோனேன்,
சண்டைக் காட்சியில் மட்டும் கடித்தேன்.

செவ்வாய் மதியம் எண்ணி ஏழு பேர்.
குரூப் ஃபோர் புத்தகத்தோடு ஒரு பெண்,
இடைவேளை வெளிச்சத்தில் வாசிப்பாள்.
மருந்துப் பையைத் தலைக்கு வைத்து ஒரு ரெப்.
யாரும் யாரிடமும் பேர் கேட்டதில்லை.
வாசலில் நிற்கிற மைதீன் மட்டும்
"வாங்க ஐசக் அண்ணாச்சி, இன்னைக்கு ஏழாவது" என்பான்,
மொய் நோட்டு எழுதுகிறவன் குரலில்.
படம் எப்படி என்று யாராவது கேட்டால்
எத்தனையாவது என்றுதான் எனக்கும் சொல்லத் தெரிந்தது.

ஜெபக்கனிக்கு ஞாயிறு ஒருநாள் லீவு.
ஹைகிரவுண்டு பக்கம் பல் ஆஸ்பத்திரியில்
வாரமெல்லாம் அடுத்தவர் வாய்க்குள் விளக்குப் பிடிக்கிறவள்.
ஆராதனை முடிந்து, சாப்பிட்டு,
"ஒரு படத்துக்குப் போவமா" என்பாள்.
ஞாயிறு என் சீட்டு செல்லாது.
அவளுக்கு நூற்றித் தொண்ணூறு, எனக்கு நூற்றித் தொண்ணூறு,
அதுவும் செவ்வாயே பார்த்த படத்துக்கு.

மூன்று ஞாயிறு பார்க்காதவனாக நடித்தேன்.
சுலபமில்லை.
ஒருவன் சாகப்போகிறான் என்று தெரிந்தும்
அவன் கல்யாணத்துக்குச் சந்தோஷப்பட வேண்டும்.
நாலாவது ஞாயிறு
ஒரு வேடிக்கைக்கு அரை நொடி முன்னாலேயே
சிரித்துவிட்டேன்.
அவள் திரும்பினாள்.
சொத்தைப் பல்லைக் கண்டுபிடித்த பார்வை,
இருட்டிலும் தெரிந்தது.

"எந்தக் கிழம பாத்திய?"
"செவ்வா."
"போன வாரத்துப் படம்?"
திரையில் மழை பெய்துகொண்டிருந்தது.
"மாசம் எவ்வளவு?"
சொன்னேன். உதடு அசையக் கணக்குப் போட்டாள்.
"மோசமில்ல" என்றாள்.
திட்டியிருந்தால் தேவலை.

இடைவேளை முடிந்ததும்
செருப்பைக் கழற்றிக் காலை மடக்கிக்கொண்டு,
"சரி, முடிவ மட்டும் சொல்லிருங்க, நான் தூங்குதேன்.
நின்னு நின்னு காலு கடுக்கு."

எனக்கு முடிவு தெரியாது.
அந்தச் செவ்வாய், கடைசி இருபது நிமிடம் இருக்கையில்
முன்னீர்பள்ளத்துக்காரன் பணம் தாரேன் என்று கூப்பிட்டான்.
எழுந்து ஓடினேன்.
அவன் தரவில்லை.

"அப்புறம் சொல்லுதேன்" என்றேன்.
அதற்குள் தூங்கியிருந்தாள்.
சட்டைப் பைக்குள் போன் அதிர்ந்தது:
அன்புள்ள வாடிக்கையாளரே,
நாளை உங்கள் தவணை பிடித்தம் செய்யப்படும்.
ஊருக்கெல்லாம் நான் அனுப்புகிற அதே வாசகம்,
எழுத்துப் பிழைகூட அதே இடத்தில்.

முழு விலை கொடுத்தவனாக
நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தேன்.
முடிவு சுமார்தான்.
என் தோளில் அவள் தலை கனத்துக்கொண்டே வந்தது.
பேர் ஓடி முடிவதற்குள்
வேறு ஒரு முடிவு யோசிக்க ஆரம்பித்தேன்,
எழுப்பும்போது சொல்வதற்கு.